அலை யாருக்கு? ஜெட் படகா, வேக் சர்ஃப் படகா

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமாக மூன்று விவாதங்கள் ஓடும். எந்தப் பள்ளி மாவட்டத்தில் வீடு வாங்குவது, கிரீன் கார்டு வரிசை இந்த மாதமாவது நகர்ந்ததா, எந்த ஓட்டலில் பரோட்டா பரவாயில்லை. 2023 கோடையில் எங்கள் நாலு குடும்பக் குழுவில் நாலாவதாக ஒன்று சேர்ந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு படகு வாங்கலாமா?

வாங்கலாம் என்று முடிவாக ஒரு வாரம் ஆனது. எந்தப் படகு என்று முடிவாக ஒன்பது மாதம் ஆனது.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். பாலாற்றில் தண்ணீரைப் பார்த்ததைவிட மணல் லாரியைப் பார்த்ததுதான் அதிகம். நீச்சல் கற்றுக்கொண்டது மாமா வீட்டுக் கிணற்றில், இடுப்பில் லாரி டியூப்போடு. அப்படிப்பட்டவன் படகைப் பற்றிக் கட்டுரை எழுதுவதே கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் ஏரி உள்ள ஊர்களில் குடியேறிய நம்மவர்கள் பலர், வீடு வாங்கி, இரண்டாவது காரும் வாங்கி முடித்தபின் இந்தக் கேள்வியில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். எங்கள் ஒன்பது மாதக் குழப்பம் அவர்களில் யாருக்காவது பயன்படலாம்.

குழு சீக்கிரமே இரண்டாகப் பிரிந்தது. கோயம்புத்தூர் நண்பர் வேக் சர்ஃப் படகு பக்கம். மதுரைக்காரர் ஜெட் படகு பக்கம். திருநெல்வேலிக்காரர் எந்தப் படகானாலும் அதில் மீன் பிடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எக்செல் ஷீட் போடும் வேலை, எப்போதும்போல, என் தலையில் விழுந்தது.

பம்ப் செட்டும் புரொப்பெல்லரும்

ஜெட் படகு வேறொன்றுமில்லை, மிதக்கும் பம்ப் செட். படகின் அடியில் கம்பி போட்ட ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத் தண்ணீரை இழுத்து, குழாய்க்குள் சுற்றும் இம்பெல்லர் அதைப் பின்பக்க முனை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த உந்தலில்தான் படகு ஓடுகிறது. முனையை இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லரும் கிடையாது, சுக்கானும் கிடையாது. நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் என்பவர் 1950களில் இதைச் செம்மைப்படுத்தியதே, ஆழமில்லாத கூழாங்கல் ஆறுகளில் போவதற்காகத்தான். 1960ல் அவருடைய ஜெட் படகுகள் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றை எதிர்த்து மேலேறின. எங்கள் ஆஸ்டின் ஏரிகளும் கொலராடோ ஆற்றின்மீதுதான் இருக்கின்றன. ஆனால் இது வேறு கொலராடோ, டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து டெக்சாஸ் கரையிலேயே கடலில் சேர்வது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் எல்லோரும் ஏமாறும் இடம் இது.

வேக் சர்ஃப் படகு இதற்கு நேர் எதிர். மற்ற மோட்டார் படகுகள் எல்லாம் வேகம் எடுத்ததும் தண்ணீரின்மேல் எழும்பி ஓடத்தான் பார்க்கும். இதை மட்டும் வேண்டுமென்றே அமிழ்த்தி ஓட்டுகிறார்கள். அடியில் இருக்கும் தொட்டிகளில் ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து நிரப்புவார்கள். இந்த வகையில் பெயர்பெற்ற நாட்டிக் ஜி23 படகின் வெறும் எடையே 2,600 கிலோவைத் தாண்டும். அதற்குமேல் தொட்டித் தண்ணீர் சுமார் 1,300 கிலோ. இவ்வளவு கனத்தோடு மணிக்கு 17, 18 கி.மீ. வேகத்தில் போகும்போது படகின் பின்னால் ஒரு பள்ளமும், அதையொட்டி ஒரு அலையும் எழும்பும். 2012, 2013 வாக்கில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக, படகின் பின்மூலையில் நீட்டி மடக்கும் தகடுகளைக் கொண்டுவந்தன. ஒரு பக்கத் தகட்டை நீட்டினால் அந்தப் பக்கத் தண்ணீர் தாமதமாக வந்து சேரும். மறுபக்க அலை நுரை இல்லாமல் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக எழும்பும். இது யாருடைய கண்டுபிடிப்பு என்று அந்த நிறுவனங்கள் கோர்ட் வரை போய்ச் சண்டை போட்டன. இவ்வளவு பெரிய ஏரியில் ஒரே ஒரு அலையை உண்டாக்க இத்தனை ஏற்பாடு.

சர்ஃப் செய்பவர் முதலில் கயிற்றைப் பிடித்து எழுந்து நிற்பார். அலை காலில் பிடிபட்டதும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிடுவார். அதற்குப் பிறகு அவரைத் தள்ளிக்கொண்டு வருவது அலை மட்டும்தான். படகிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே வரலாம். இவ்வளவு பக்கத்தில் ஆள் வருவதால்தான் புரொப்பெல்லர் எங்கே இருக்கிறது என்பது உயிர் பிரச்சினை ஆகிறது. சாதாரண அவுட்போர்டு, ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் அது படகின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்னால் சர்ஃப் செய்வது கூடவே கூடாது. சர்ஃப் படகிலோ, இன்ஜின் பின்னால் இருந்தாலும் வி-டிரைவ் என்ற கியர்பெட்டி வழியாகத் தண்டு மடங்கி வந்து, புரொப்பெல்லர் படகின் அடிவயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும். 2015ல் வால்வோ பென்டா நிறுவனம் புரொப்பெல்லரை முன்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்த ஒரு டிரைவைக் கொண்டுவந்தது. அது ஒரு மூன்றாவது வழி. எங்கள் பட்ஜெட்டில் அது சிக்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

"ஜெட்ல புரொப்பெல்லரே இல்லையே, அப்ப அதுதான் ரொம்ப சேஃப்டி" என்றார் மதுரைக்காரர். பாதி உண்மை. ஜெட் முனைக்கு நேராக விழுந்தால், பீய்ச்சும் தண்ணீர் உடம்புக்குள் புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு. படகின் மேலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வெட்சூட் கீழாடை போடச் சொல்வார்கள். இன்னொன்று, சுக்கான் இல்லாததால், ஆக்சிலரேட்டரை விட்டால் திரும்பும் சக்தியும் போய்விடும். எதிரே ஏதோ வருகிறது என்றால் பதறிக் கையை எடுப்பதுதான் மனித இயல்பு. எடுத்தால் படகு நேராகப் போய்த்தான் மோதும். சில மாடல்களில் இதற்கென்று சிறு துடுப்பு மாதிரி ஒன்று வைக்கிறார்கள். அது உதவும், ஆனால் பழக்கத்துக்கு ஈடாகாது.

பம்ப் செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் பிறந்துவிட்டு நீங்கள் பம்ப் படகை எதிர்க்கலாமா என்று அவரை நாங்கள் கிண்டல் செய்யாத நாள் இல்லை. அவர் அசரவில்லை. "ஏனுங்க, பம்பைப் பத்தித் தெரிஞ்சதாலதான் சொல்றேன். புட்வால்வுல பாசி அடைச்சா யாரு தண்ணிக்குள்ள இறங்குறது?" என்றார்.

எக்செல் ஷீட் சொன்னது

புது ஜெட் படகு, 19 அடி என்றால் 50 ஆயிரம் டாலரைச் சுற்றி. 22 அடி என்றால் 70, 80 ஆயிரம். புது சர்ஃப் படகில் ஓரளவு நல்லது என்றாலே ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். பெரிய பெயர்கள் இரண்டு, மூன்று லட்சத்துக்கும் போகும். டெக்சாஸில் அதற்குமேல் 6.25 சதவீதம் வரி. அதனால் இரண்டு கட்சியும் பழைய படகு என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பழையதிலும் ஒன்றுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தது.

விலையைவிட எனக்கு உறுத்தியது லோன். படகுக்கு 15, 20 வருஷத் தவணை கொடுக்கிறார்கள். மாதத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் எச்-1பி விசாவில் இருக்கிறோம், நானும் ஒருவன். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். காரை ஒரு மத்தியானத்தில் விற்றுவிடலாம். வீட்டை வாடகைக்கு விடலாம். நவம்பர் மாதத்தில் வேலை போனால், கூட்டாக வாங்கிய படகில் என் கால் பங்கை யாரிடம் விற்பது? 20 வருஷத் தவணையில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு இந்த நாட்டில் எத்தனை வருஷம் நிச்சயம் என்பதை எந்த ஷீட்டிலும் ஒரு கட்டத்தில் எழுத முடியவில்லை. லோன் வேண்டாம், கையில் இருக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் என்று முதல் விதி எழுதினோம். அந்த ஒரு விதியிலேயே சர்ஃப் படகின் பாதி கதை முடிந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் பத்து வருஷப் பழைய சர்ஃப் படகுகளாகத் தேடித் தேடி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

இழுத்துப் போகும் வண்டி இன்னொரு கணக்கு. நம்மவர்கள் அதிகம் வைத்திருக்கும் ஹோண்டா ஒடிசி வேன் இழுக்கக்கூடிய எடை சுமார் 1,590 கிலோ. ட்ரெய்லரோடு சேர்த்தால் சின்ன ஜெட் படகே அதைத் தாண்டப் பார்க்கும். டொயோட்டா ஹைலேண்டர் வி6 என்றால் 2,270 கிலோ வரை. சர்ஃப் படகுக்கு ட்ரக்தான் வேண்டும். அதாவது படகு வாங்குவதற்கு முன்னால் ஒரு ட்ரக் வாங்க வேண்டும்.

ட்ராவிஸில் ஒரு நாள்

ஷீட்டை மூடிவைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கப் போனோம். முதலில் என் ஆபீஸ் நண்பர் ஒருவரின் 21 அடி ஜெட் படகு, ட்ராவிஸ் ஏரியில். அது மான்ஸ்ஃபீல்ட் அணை தேக்கிவைத்த ஏரி. முழு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 681 அடி. அந்த ஆகஸ்ட் மாத வறட்சியில் அதற்கு 40 அடிக்கும் கீழே போயிருந்தது. படகு இறக்கும் பொது ராம்ப்களில் பெரும்பாலானவை தண்ணீரே தொடாமல் காய்ந்து கிடந்தன. ஏரி நடுவில் 'சம்டைம்ஸ் ஐலண்ட்ஸ்', அதாவது எப்போதாவது தீவுகள், என்று சில மேடுகளுக்குப் பெயர். நிறைந்த காலத்தில் மூழ்கியிருக்கும். அந்த வருஷம் அவை எப்போதும் தீவுகளாக இருந்தன.

ஜெட் படகுக்கு அந்தத் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் ஆழம் இருந்தால்கூட மெதுவாக உள்ளே போய் நிறுத்தலாம். பிள்ளைகளை டியூபில் கட்டி இழுத்தோம். ஊரிலிருந்து வந்திருந்த மதுரைக்காரரின் அம்மா முன்பக்க இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே வந்தார். சத்தம் மட்டும் அதிகம். இன்ஜின் எப்போதும் உச்சத்தில் கத்திக்கொண்டே இருக்கும். கரைக்கு அருகே ஒருமுறை கோரையை இழுத்துக்கொண்டு பம்ப் திணறியது. நண்பர் இன்ஜினை நிறுத்தி, பின்பக்க மூடியைத் திறந்து, கையை விட்டு வாரிப் போட்டார். கோயம்புத்தூர்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

அதன் பின்னால் சர்ஃப் செய்து பார்த்தோம். ஒரு மூலையில் தண்ணீர் மூட்டைகளைப் போட்டு, கனமான ஆட்களையெல்லாம் அந்தப் பக்கம் உட்காரவைத்தும் அலை முழங்கால் உயரம்தான். ஜெட் பீய்ச்சலால் அலையின் நடுவில் வெள்ளை நுரை. 17 கி.மீ. வேகத்தில் ஜெட் படகை நிலையாகப் பிடிப்பதும் கஷ்டம். எழும்பவும் எழும்பாது, அமிழவும் அமிழாது. யாராலும் ஐந்து விநாடிக்குமேல் நிற்க முடியவில்லை. இந்தக் கேள்வியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜெட் படகு வாங்கி மூட்டை போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். சர்ஃபிங்தான் உங்கள் ஆசை என்றால் அது இரண்டுங்கெட்டானாகத்தான் முடியும்.

ஆஸ்டின் ஏரியில் ஒரு நாள்

இரண்டு வாரம் கழித்து, சர்ஃப் படகு ஒன்றை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்தோம். இது அணைக்குக் கீழே இருக்கும் ஆஸ்டின் ஏரி. ஏரி என்று பெயரே தவிர, பார்த்தால் ஆறு. சுமார் 20 மைல் நீளம், வளைந்து வளைந்து போகும். மேலே ட்ராவிஸ் வற்றினாலும் இதன் மட்டம் பெரிதாக மாறாது. அதனால் அந்தக் கோடையில் ராம்ப் கிடைக்காத படகுகளெல்லாம் இங்கேதான் வந்து குவிந்திருந்தன. இரண்டு கரையிலும் வீடுகள், தடுப்புச் சுவர்கள், வீட்டுக்கு ஒரு படகுத்துறை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது அற்புதமான விளையாட்டு. நான் ஏழு முறை விழுந்தேன். எட்டாவது முறை எழுந்து, கயிற்றை விட்டு, பதினோரு விநாடி நின்றேன். என் மனைவி எண்ணியிருக்கிறார். கால் அடியில் தண்ணீர் தானாகவே தள்ளிக்கொண்டு வருவதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. விழுந்தாலும் வலிக்காது, வேகம் அவ்வளவு குறைவு. என் ஒன்பது வயது மகள் ஐந்தாவது முயற்சியில் எழுந்து நின்று கயிற்றை வீசினாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, எங்களைப் பார்த்தபடியே அரை நிமிஷம் வந்தாள். அந்த முகத்துக்காக அன்றைக்கே லோன் போட்டிருப்பேன்.

அவள் விழுந்ததும் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பினோம். அப்போதுதான் ஒரு வளைவில், கரையோரம் ஏதோ கூச்சல் கேட்டது.

ஒரு வீட்டின் படித்துறை. கீழ்ப்படியில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்தில் நாலு வயதுப் பேரன் காலை நனைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்கள் அலை தடுப்புச் சுவரில் மோதி எழும்பி, படியைத் தாண்டி, பிள்ளையைத் தள்ளித் தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. நாங்கள் பார்த்தபோது பெரியவர் கழுத்தளவு தண்ணீரில் பேரனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிள்ளை மார்பில் மிதவைக் கச்சை கட்டியிருந்தான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. இருமிவிட்டு அழுதான், அவ்வளவுதான்.

மெதுவாகப் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். "இன்றைக்கு நீங்கள் முதல் ஆள் இல்லை" என்றார். பிறகு, மிதந்து போய்க்கொண்டிருந்த நாற்காலியைக் கையைக் காட்டி, அதை மட்டும் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். இதெல்லாம் இங்கே சகஜம் என்றார் எங்கள் ஓட்டுநர்.

திரும்பும் வழியில் என் மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அந்தப் பையன் மேல அடிச்சது... நான் நின்னேன்ல, அதே வேவா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. "அலை போய்க்கிட்டே இருக்கும்மா" என்றேன்.

150 மீட்டர் கணக்கு

அன்றிரவு தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பிசிக்ஸில் படித்ததுதான். ஒரு அடி அலைக்குப் பதில் மூன்று அடி அலை என்றால் சக்தி மூன்று மடங்கு இல்லை, ஒன்பது மடங்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆய்வகம் 2022ல் இதை ஏரியிலேயே அளந்து வெளியிட்டது. சர்ஃப் படகின் அலை, சாதாரணப் படகின் அலை அளவுக்கு அடங்க வேண்டுமானால் கரையிலிருந்தும் படகுத்துறைகளிலிருந்தும் குறைந்தது 500 அடி, சுமார் 150 மீட்டர், தள்ளி ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. வெர்மான்ட் மாநிலம் 2024ல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி, இரண்டும் சேர்ந்த பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கராவது இருக்கும் ஏரிகளில் மட்டும்தான் அங்கே சர்ஃப் அலை எழுப்பலாம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கரையிலிருந்தும் 150 மீட்டர் தள்ளி ஓட்ட, ஏரி குறைந்தது 300 மீட்டர் அகலம் வேண்டும். ஆஸ்டின் ஏரி பல இடங்களில் 200 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அந்த இடங்களில் நடுவில் ஓட்டினாலும், எவ்வளவு நல்ல ஓட்டுநர் ஓட்டினாலும், அந்தப் பெரியவரின் படித்துறைக்கு எங்கள் அலை போய்ச் சேராமல் இருக்க வழியே இல்லை. தவறு ஓட்டியதில் இல்லை, இடத்தில் இருந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்.

வேறு இரண்டு விஷயங்களும் கண்ணில் பட்டன. ஒன்று, கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லாத விஷவாயு. 2000 ஆகஸ்டில் அரிசோனா, யூட்டா எல்லையில் இருக்கும் பவல் ஏரியில், ஒரு படகு வீட்டின் பின்மேடை அருகே நீந்திய இரண்டு சிறுவர்கள் ஜெனரேட்டர் புகையில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மத்திய ஆய்வு நிறுவனங்கள் இதைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தன. ஓடும் படகின் பின்மேடையைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கலிபோர்னியா 2005 முதல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. மெதுவாக ஓடும் படகின் பின்னால் காற்று சுழன்று புகையை உள்பக்கமே இழுக்கும். ஜெட்டோ, வி-டிரைவோ, பெட்ரோல் இன்ஜின் என்றால் இரண்டுக்கும் இது பொருந்தும். சர்ஃபிங்கில் ஆள் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால், இடைவெளி விட்டு விட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஓட்ட வேண்டும். பிள்ளைகள் பின்மேடையில் படுத்துக்கொண்டு வருவதற்கு அனுமதியே கூடாது.

மற்றொன்று, வரிச்சிப்பிகள். இங்கே ஜீப்ரா மஸல் என்பார்கள். 2017ல் ட்ராவிஸில் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாகத் தண்ணீரோடு பயணம் செய்து, அடுத்த ஏரியின் குழாய்களையெல்லாம் அடைத்துவிடும். ஏரியை விட்டு வெளியே வரும்போது படகில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். ஆயிரம் லிட்டர் தொட்டியின் அடியில் தங்கும் கடைசி வாளித் தண்ணீரை வடிப்பது லேசான வேலை இல்லை.

எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?

2024 மார்ச்சில், எங்கள் வீட்டில் கடைசிக் கூட்டம். கோயம்புத்தூர்க்காரர் விடவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ட்ராவிஸின் அகலமான பகுதியில், ஆழத்தில், நடுவில் ஓட்டினால் யாருக்கும் தொல்லை இல்லையே என்றார். உண்மைதான். ஏரி நிறைந்திருந்தால். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நிறையவில்லை.

காபி கொண்டுவந்து வைத்த என் மனைவி, "ஆறு மாசமா எந்தப் படகுன்னு பேசறீங்க. நம்ம நாலு வீட்டுல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டார்.

எண்ணினோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர். தெரிந்தவர்கள் ஐந்து. அதில் இரண்டு பேர் கிணற்று நீச்சல். கேள்வி கேட்டவருக்கே தெரியாது. இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்ட இடம் அது. என் எக்செல் ஷீட்டில் 43 வரிசை இருந்தது, அதில் இந்த வரிசை இல்லை.

கடைசியில் எடுத்த முடிவு இதுதான். 2017 மாடல், 22 அடி, பழைய ஜெட் படகு. லோன் இல்லாமல், நாலு பங்கு. சர்ஃபிங் ஆசைக்கு, கோடையில் மூன்று நாள் சர்ஃப் படகு வாடகை, அதுவும் ட்ராவிஸில் அகலமான இடத்தில் மட்டும். வருஷத்துக்கு மூன்று நாள் சர்ஃப் செய்ய லட்சம் டாலர் படகு எதற்கு என்று மதுரைக்காரர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. வாரம் தவறாமல் சர்ஃப் செய்யும் நாலு பேர் சேர்ந்து, அகலமும் ஆழமும் உள்ள ஏரிக்குப் பக்கத்தில் இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். எங்கள் பதினாறு பேரில் அப்படி ஒருவர்தான், அவரும் கோயம்புத்தூர்க்காரர்.

பிள்ளைகளும் பெரியவர்களும் நீச்சல் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் படகு வீட்டுக்கு வந்தது. 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எங்கள் படகில் பாட்டி உட்பட எல்லோருக்கும். 1993 செப்டம்பர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் படகோட்டும் பாடத்தை முடிக்க வேண்டும். எங்களில் யாருக்கும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் நாலு பேரும் எழுதினோம். திருநெல்வேலிக்காரர்தான் அதிக மார்க்.

முதல் பயணத்திலேயே டியூப் இழுக்கும் கயிறு தொய்ந்து பம்புக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. ஜெட் படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும் என்று பிறகு தெரிந்தது. ஒரு மணி நேரம் நடு ஏரியில் மிதந்தோம். காய்கறிக் கத்தியை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? "புட்வால்வு, புட்வால்வுன்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று அடியிலிருந்து ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் சொன்னார். திருநெல்வேலிக்காரர் அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மீன் பிடித்தார்.

ஜூன் மாதம் முதல் வாடகை சர்ஃப் நாள் வந்தது. என் மகள் பலகையை மிதக்கவிட்டு, கயிற்றைக் கையில் வாங்கியவள், உடனே "போலாம்" என்று சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கக் கரையையும் பார்த்தாள். "அப்பா, அங்க யாராவது உட்கார்ந்திருக்காங்களா?" என்றாள். நான் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெகு தூரத்தில், வெறும் சுண்ணாம்புப் பாறைதான் தெரிந்தது. யாரும் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் போகலாம் என்று தலையை ஆட்டினாள்.